சில்லில் காய்ந்த சந்தனம்

மகன்,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் கோடு. உன் லொறியின் பின்பக்கச் சில்லுக்கும் கட்டைக்கும் நடுவில், ஒரு டொபித் தாள் போகிற அளவுக்கு நீ விட்டுவைத்திருந்த அந்த இடைவெளியில், சந்தனம் காய்ந்துபோய் இருந்தது. வாசிகசாலையில் பிள்ளைகளின் விளையாட்டு வண்டிகளை வைத்திருந்த மேசை ஜன்னலோடு ஒட்டிக் கிடந்தது. நான் வெளியே, செருப்புகள் கழற்றி வைக்கிற இடத்தில், அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றச் சில்லுகளையும் எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மஞ்சள். போட்டியில் உன் முறை வர இன்னும் இரண்டு பிள்ளைகள்தான் இருந்தார்கள். நீ உள்ளே கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாய்.

இந்தக் கடிதத்தை இப்போது உன்னிடம் தரமாட்டேன். உனக்கு மீசை முளைத்து, வேலை வெட்டி என்று நாலு பேருக்கு முன்னால் நிற்கிற காலம் வரும்போது தருவேன். அதற்கு முன் வேறு யாராவது எடுத்து வாசித்தாலும் வாசிக்கட்டும். ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை. 'மகன்' என்று தொடங்கியதற்கு நீ முகத்தைச் சுளிப்பாய் என்று தெரியும். போன வருடம் பள்ளிக்கூட வாசலில் வைத்து, "அக்கா, பெடியளுக்கு முன்னாலை என்னை மகன் எண்டு கூப்பிடாதேங்கோ, பகிடி பண்ணுறாங்கள்" என்று சொன்னாய். அன்றிலிருந்து வெளியில் உன்னைத் தம்பி என்கிறேன். ஆனால் அம்மா சாகும்போது உனக்கு ஐந்து வயது. எனக்குப் பதினாலு. உன்னைக் குளிப்பாட்டியது, காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துத் தந்தது, உன் முதல் பல்லை ஓட்டுக்கு மேல் எறிந்தது எல்லாம் நான்தான். வயது பத்தொன்பது என்றாலும் இதை எழுதுகிற கை ஒரு தாயின் கை. அதனால் இந்தக் கடிதத்துக்குள் நீ என் மகன்தான். பகிடி பண்ணுகிறவர்கள் பண்ணட்டும்.

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. உலை வைக்கும்போதும் கோபம், உன் சட்டைக்குப் பட்டன் தைக்கும்போதும் கோபம். அப்பா என்னோடு இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். அவரில் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதி முழுவதும் உன்னில்.

அந்தப் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகள் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தன என்று நீ மறந்துபோவாய். கனடாவில் இருக்கிற மாமாவின் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போனதை, பழைய உடுப்புகளோடு ஒரு பையில் போட்டு அனுப்பினார்கள். எதை எதோடு பூட்டுவது என்று காட்டுகிற புத்தகம் ஒன்றும் அதில் இல்லை. நீ அந்தப் பையைப் பாயில் கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்து, ஒரு கிழமை பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு ஒரு லொறி கட்டினாய். வெங்காயம் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகிற லொறி மாதிரி, பின்பக்கம் உயர்ந்த பெட்டி. கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கைக்குள் வருகிற எந்த லொறியைவிடவும் அது வடிவு. ஆனால் நாலு தரம் உருட்டினால் சில்லு கழன்று கட்டிலுக்குக் கீழே ஓடிப்போகும்.

"அக்கா, திருப்பியும் கழண்டிட்டுது."

"இறுக்கிப் பூட்டு."

"இறுக்கினால் சுத்துதில்லை."

"அப்ப லூசாய்ப் பூட்டு."

"லூசாய்ப் பூட்டினால் கழருது எண்டுதானே இவ்வளவு நேரமும் சொல்லுறன். உங்களுக்குக் காதும் கேக்காதோ?"

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவலையை விட்டு எழும்பி உன்னை அடிக்க வந்தேன். நீ அடியை வாங்கிக்கொண்டே அச்சை என் முகத்துக்கு நேரே நீட்டி விளக்கினாய். அச்சு கூட்டல் அடையாளம் மாதிரி இருக்கிறது; சில்லின் ஓட்டையும் கூட்டல் அடையாளம்; கட்டையின் ஓட்டை மட்டும் வட்டம். அதனால் அச்சும் சில்லும் ஒன்றாகச் சுற்றும், கட்டை அசையாது. சில்லு வெளியே வழுகிப் போகாமல் இருக்க அச்சின் நுனியில் ஒரு சின்னச் சாம்பல்நிற வளையம் போட வேண்டும். ஓட்டோ ஓட்டுகிற அப்பா அதைப் பார்த்துவிட்டு, "உது புஷ் எல்லே" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் புஷ். சில்லுக்கு வெளியே ஒரு புஷ், உள்ளே ஒரு புஷ். அதையும் கட்டையோடு சேர்த்து நெரித்தால் சில்லு இறுகிவிடுகிறது. எவ்வளவு இடம் விடுவது என்பதுதான் உன் தலைவேதனை. பல நாள் அதோடு கிடந்தாய். சோறு தின்னும்போதும் இடது கையில் அச்சு. கடைசியில் ஒரு டொபித் தாளை உள் புஷ்ஷுக்கும் கட்டைக்கும் நடுவில் வைத்து, நல்லாக நெரித்துப் பூட்டிவிட்டு, தாளை மெதுவாக இழுத்து எடுத்தாய். தாளின் தடிப்பு அளவுக்கு இடம். ஊதினால் சில்லு சுற்றியது. அந்தச் சாட்டில் நீ தின்ற டொபிக்குக் கணக்கில்லை.

அப்பா அதற்கு முந்திய நாள் கடையில் சூப்பர் குளூ வாங்கி வந்திருந்தார். "ஒரு சொட்டு விட்டால் சாகும்வரைக்கும் கழராது" என்றார். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ஒட்டினால் அது பொம்மை அப்பா. இது வாகனம்." அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த நாள் ஓட்டோ நிறுத்துமிடத்தில் எல்லோருக்கும் அதைச் சொல்லியிருக்கிறார். காங்கேசன்துறைக்குப் போன ஹயர் ஆட்களிடமும் சொன்னாராம். அம்மா போன பிறகு அப்பா அப்படிச் சந்தோசமாக இருந்ததை நான் பார்க்கவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன். அவர் கெட்டவர் என்று நீ நினைக்கக் கூடாது. கெட்டவர் என்றால் எனக்கு இந்தக் கோபமே லேசாக இருந்திருக்கும்.

வாசிகசாலையில் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிறார்கள், சரிவுப் பலகையில் விட்ட வண்டி யாருடையது தூரம் ஓடுகிறதோ அவருக்குப் பரிசு, பசை போட்டு ஒட்டக் கூடாது என்று அறிவித்தல் வந்ததும் நீ நித்திரை கொள்ளவில்லை. முற்றத்தில் பழைய கதவுப் பலகையைச் சாய்த்துவைத்து விட்டு விட்டுப் பார்த்தாய். லொறி கிணற்றடி வரைக்கும் போனது. ஒரு தரம் கோழியை முட்டியது. போட்டிக்கு முந்திய நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் அப்பா ஓட்டோவைக் கழுவி, வழமைபோலச் சந்தி வைரவர் கோயிலுக்குக் கொண்டுபோகும்போது, "கொண்டா உன்ரை வாகனத்தையும்" என்றார். நீயும் நானும் பின் சீற்றில் ஏறினோம். லொறி உன் மடியில்.

ஐயர் லொறியைப் பார்த்துவிட்டு, "என்ன, புது வாகனமோ? லைசென்ஸ் ஆற்றை பேரிலை?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பெடியன்ரை, ஐயா. நாளைக்கு ஓட்டம் இருக்கு." ஐயர் தீபம் காட்டிவிட்டுச் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பாவின் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். அப்பா ஓட்டோவுக்குப் பூசினார். பிறகு லொறியின் முன்பக்கம் ஒரு பொட்டு. அதுவரைக்கும் சரி. பிறகு அவர் கை சில்லுக்குப் போனது.

"அப்பா, சில்லுக்கு வேண்டாம். முன்னுக்கு மட்டும் காணும்."

"சில்லுக்குப் பூசாமல் என்ன வாகனப் பூசை? என்ரை ஓட்டோவுக்கு எத்தினை வருசமாய்ப் பூசிறன், நடுறோட்டிலை நிண்டதோ?"

"அது பெரிய சில்லு அப்பா. இது…"

"டேய், சாமி காரியத்திலை வாய் காட்டாதை."

பெரிய சில்லுக்கு ரயருக்கு மேலே பூசினால் அரை மைலில் உதிர்ந்துபோகும். உன் சில்லு அப்பாவின் கட்டைவிரல் நகம் அளவு. அவர் விரலை வைத்து அமத்தித் தேய்த்தபோது சந்தனம் எங்கே போயிருக்கும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பிறகு தேசிக்காய். நாலு தேசிக்காயும் சில்லைவிடப் பெரிது. லொறி ஏறமாட்டேன் என்றது. அப்பா காயைப் பாதியாக வெட்டி, சில்லுக்குக் கீழே வைத்து, லொறியைப் பிடித்து மேலிருந்து அமத்தினார். சாறு வழிந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டாய், ஊசி போடும்போது மூடுகிற மாதிரி. நான் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கழுவுவோமா என்று நீ கேட்டாய். "நாளைக்கு ஓட்டம் முடியுமட்டும் சந்தனத்திலை கை வைக்கக் கூடாது" என்று லொறியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார் அப்பா. காலையில் அவரே கையில் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

மகன், அன்பில்லாதவர்கள் உன் வேலையைக் கெடுக்க வந்தால் நீ சண்டை பிடிப்பாய். அதற்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்போடு வந்து கெடுக்கிறவர்களிடம் என்ன செய்வது என்றுதான் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர்களின் கையைத் தட்டிவிட்டால் பாவம் போலத் தெரியும். தட்டிவிடாமல் இருந்தால் உன் வேலை நாசமாகும். ஒரு தரம் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடாதே. இரண்டாம் தரமும் சொல். மூன்றாம் தரம் லொறியைத் தூக்கிக்கொண்டு ஓடு. சாமி கோவிக்காது. கோவித்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் முறை வந்தது. போட்டி நடத்திய விஞ்ஞான சேர், "அடுத்தது லொறி. கொண்டு வாரும் தம்பி" என்றார். நீ போய்ப் பலகையின் உச்சியில் வைத்துக் கையை விட்டாய். லொறி நின்றது. அப்படியே நின்றது. பின்னால் இருந்த பெடியன் ஒருவன், "பார்க் பண்ணிப்போட்டார்!" என்றான். "றைவர் நித்திரையடா." "பெற்றோல் அடிக்க மறந்திட்டார்." முன் வரிசைத் தாய்மாரும் சிரித்தார்கள். நீ மெதுவாக ஒரு விரலால் தள்ளினாய். சில்லுகள் சுற்றாமல் லொறி கீறிக்கொண்டு இறங்கி, பாதியில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அப்பா பலகைக்கு முன்னால், நிலத்தில், லொறி ஓடி வரும் என்று கையை விரித்துக்கொண்டு நின்றார். அவருடைய முகம் சிவந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு சேரிடம் சொன்னார்:

"நான் அப்பவே சொன்னனான் சேர். இறுக்கிப் பூட்டிப்போட்டான். உவன் சொன்னால் கேக்கிற பிள்ளையோ?"

சேர் உன்னிடம் கேட்டார். "தம்பி, இறுக்கிப் பூட்டினனீரோ?"

நீ லொறியைத் தூக்கினாய். உன் பெருவிரல் அந்த மஞ்சள் கோட்டைத் தடவியது. ஜன்னலுக்கு வெளியே நின்ற நான் அதைப் பார்த்தேன். உனக்குத் தெரியும். உனக்கு அந்த நிமிடமே எல்லாம் தெரியும். நீ அப்பாவை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு சொன்னாய்.

"ஓம் சேர். என்ரை பிழைதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கமாட்டேன். அழுதிருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அது எங்கே பழகின சிரிப்பு என்று எனக்குத் தெரியும். என் முகத்திலிருந்து எடுத்தது.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட கதை உனக்குத் தெரியாது. அம்மாவின் எட்டுச் செலவு முடிந்து கொஞ்ச நாளில், என் வகுப்பு ரீச்சர் வீட்டுக்கு வந்தா. பிள்ளை நல்லாகக் கணக்குச் செய்கிறவள், ஏன் அனுப்பவில்லை என்று கேட்டா. உன்னைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்பதுதான் உண்மை. அதை அப்படியே சொல்லியிருந்தால் அந்த ரீச்சர் ஏதாவது வழி செய்திருப்பா, யாருக்குத் தெரியும். அப்பாவுக்கு அதைச் சொல்ல வெட்கம். "அவளுக்குப் படிப்பு ஏறாது ரீச்சர், விருப்பமும் இல்லை" என்றார். ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவு நிலையில் நின்றேன். "ஓம் ரீச்சர். எனக்கு விருப்பமில்லை" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிய நல்ல பிள்ளை. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் சொல்லவும் தேவையில்லை. அயலில் என்னை வாயில்லாப் பிள்ளை என்பார்கள். ஏதோ பிறப்பிலேயே அப்படி என்பதுபோல.

ஆகவே கேள். இதிலிருந்து வாழ்க்கைக்குப் பாடம் படி, இடைவெளி விட்டுப் பழகு, அது இது என்று நான் எழுதப்போவதில்லை. சில்லு சில்லுதான். நான் சொல்வது ஒன்றே ஒன்று. உன் கையால் சரியாகச் செய்ததைப் பிழை என்று உன் வாயால் சொல்லாதே. அப்பாவுக்காகவும் சொல்லாதே, எனக்காகவும் சொல்லாதே, நாளைக்கு உனக்குச் சம்பளம் தருகிறவனுக்காகவும் சொல்லாதே. அது பணிவு இல்லை, பொய். பொய்யிலும் மோசமான பொய், ஏனென்றால் எல்லோரும் அதை மெச்சுவார்கள். தங்கமான பிள்ளை என்பார்கள். அப்படியே கொஞ்சக் காலம் போனால், உண்மையிலேயே நீ இறுக்கித்தான் பூட்டினாய் என்று நீயே நம்பிவிடுவாய். எனக்குப் படிப்பு ஏறாது என்று நான் நம்பிய மாதிரி. உன் டொபித் தாள் யோசனையை நீ விளக்கியபோது எனக்கு உடனே விளங்கியதே, அப்போதுதான் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. விளங்குகிற மண்டைதானே இது என்று.

அப்பாவின் மானம் பெரிதுதான். அதைக் காப்பாற்ற வேறு வழி தேடலாம். பூசையைக் குறை சொல்லாமலும் சந்தனம் காய்ந்துவிட்டது என்று சொல்லலாம். அது அவருக்கும் விளங்கும். வாகனத்தோடு வாழ்கிற மனிதர், சில்லுக்குள் ஏதாவது அடைத்தால் ஓடாது என்பதைக் கேட்டுக் குறைந்துபோகமாட்டார். கொஞ்சம் கோவிப்பார், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். அவ்வளவுதான். இப்போது அதைத்தான் செய்கிறார். நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

சேர், "பரவாயில்லை தம்பி, அடுத்த முறை பாப்பம்" என்று சொல்லி அடுத்த பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தார். நீ லொறியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாய். நான் ஜன்னலை விட்டு வாசலுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றினேனா என்று ஞாபகமில்லை. அத்தனை பேர் இருக்கிற இடத்துக்குள் நான் தனியாகப் போனதே இல்லை. "சேர்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "சேர்!" என்று திரும்பக் கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாரோ போலக் கேட்டது.

"அவன்ரை பூட்டிலை பிழை இல்லை. சில்லுக்குள்ளை சந்தனம் காய்ஞ்சு கிடக்கு. ஒருக்கால் பொறுங்கோ."

முன் வரிசையில் ஒரு மனுசி, "உவளுக்கு வாய் இருக்கோ?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது என் காதில் விழுந்தது. ஓம், இருக்கு என்று அவவைப் பார்த்துச் சொல்லவில்லை. நேரமில்லை. உன் கையிலிருந்து லொறியைப் பறித்து மேசையில் வைத்து, ஒரு சில்லைப் புஷ்ஷோடு கழற்றி, தலையில் இருந்த ஊசியை எடுத்துச் சுரண்டினேன். மஞ்சள் தூளாகக் கொட்டியது. சேர் குனிந்து அதை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். "சந்தனம்தான்" என்றார். யாரோ சிரித்தார்கள், ஆனால் முந்திய சிரிப்பு மாதிரி இல்லை. "நீரே திருப்பிப் பூட்டுவீரோ?" என்று உன்னிடம் கேட்டார். நீ என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. மற்றச் சில்லுகளை நீயே கழற்றினாய். என் ஊசியைக் கேட்காமலே பிடுங்கினாய். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துப்புரவாக்கிப் பூட்டி, சுற்றிப் பார்த்துவிட்டு, லொறியைத் தூக்கிக்கொண்டு பலகைக்குப் போனாய்.

அப்பா பலகைக்கு முன்னால் இன்னும் அதே இடத்தில் நின்றார். "பிள்ளை, ஆக்களுக்கு முன்னாலை என்ன கூத்து இது? கூட்டிக்கொண்டு வீட்டை நட" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நீ மேலே லொறியை வைத்துப் பிடித்துக்கொண்டு, அவர் விலகுவார் என்று காத்து நின்றாய். அவர் விலகவில்லை. நான் போய் அப்பாவின் முழங்கையைப் பிடித்து, வழியை விட்டு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினேன்.